முப்பது விநாடிக் கெடு: உயிரோடிருந்த வட்டை வெளியேற்றிய ஒரு ரெய்டு

திருமணப் படங்கள் நிறைந்த ஒரு சேமிப்புப் பெட்டி ஐந்து நாட்கள் செயலிழந்து கிடந்த நிகழ்வைப் பற்றிய பதிவு இது. உரிமையாளரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஊரையும் ஆட்களையும் வட்டுகளின் தயாரிப்பாளரையும் விட்டுவிட்டேன். லினக்ஸில் எம்டிஆடம் என்னும் நிரலைக் கொண்டு ரெய்டு (பல வட்டுகளை ஒரே வரிசையாக இணைக்கும் ஏற்பாடு) அமைத்து, அதில் மேசைக் கணினிக்கான சாதாரண ஹார்ட் டிஸ்க்குகளைப் போட்டிருக்கும் எவருக்கும் இது நேரலாம். அப்படி அமைத்த பெட்டிகள் நம் பக்கத்தில் ஏராளம் என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் புகைப்பட நிலையம். உரிமையாளரும் படத்தொகுப்பாளர்கள் மூவரும் வேலை செய்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவி, 4 டெராபைட் வட்டுகள் நான்கைப் பொருத்தி, ரெய்டு 5 வரிசையாக அமைத்திருந்தார்கள். ஒரு வட்டு போனாலும் மற்ற மூன்றிலிருந்து எல்லாவற்றையும் கணக்கிட்டு மீட்கலாம். பயன்படுத்தக் கிடைப்பது 12 டெராபைட். அதில் ஏறத்தாழ 7 நிரம்பியிருந்தது. வேறெங்கும் நகல் இல்லை. "ரெய்டே நகல்தானே" என்ற எண்ணம் அங்கும் இருந்தது.

வட்டுகளை இரண்டு தவணையாக, இரண்டு கடைகளில் வாங்கியிருந்தார்கள். எல்லாமே விலை குறைந்த, மேசைக் கணினிக்கான வகை. பட்டியலில் கொள்ளளவும் சுழற்சி வேகமும் ஒன்றாக இருந்ததால் வேறுபாடு எதையும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லவேண்டும். டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் ரெய்டு வரிசை முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை தானாகத் தொடங்கும். பெரிய வட்டுகளில் அது பகலிலும் நீளும். ஞாயிறு முகூர்த்த நாட்களில் பெட்டி மந்தமாகிறது என்று, தொடங்கிய சில மாதங்களிலேயே அதை நிறுத்திவைத்துவிட்டார்கள். அண்மையில் இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கு மாறியபோது அந்த வேலை அவர்களுக்குத் தெரியாமலேயே மறுபடி உயிர்பெற்றது.

என்ன நடந்தது

பதிப்பு மாறிய பிறகு வந்த முதல் ஞாயிறு. சரிபார்ப்பு ஐந்தில் ஒரு பங்கு முடிந்த நிலையில் மூன்றாம் வட்டு வரிசையிலிருந்து வெளியேற்றப்பட்டது. எச்சரிக்கை மின்னஞ்சல் அந்தக் கணினிக்குள்ளேயே ஒரு பெட்டியில் விழுந்து கிடந்தது. வெளியே அனுப்பும் ஏற்பாடு இல்லை.

செவ்வாயன்று தொகுப்பாளர் ஒருவர் தற்செயலாக நிலையைப் பார்த்தார். நான்கு 'யூ' எழுத்துகள் இருக்கவேண்டிய இடத்தில் மூன்றும் ஒரு கீழ்க்கோடும் இருந்தன. கணினியை அணைத்துப் போட்டதும் மூன்றாம் வட்டு நல்ல நிலையில் தெரிந்தது. ஆகவே புதன்கிழமை அதையே மீண்டும் வரிசையில் சேர்த்தார். எந்தெந்தப் பகுதி மாறியது என்று குறித்துவைக்கும் பிட்மேப் இல்லாததால் முழு மறுகட்டமைப்பு தொடங்கியது. 61 சதவீதத்தில் முதல் வட்டும் வெளியேற்றப்பட்டது. இரண்டு வட்டுகள் இல்லாத ரெய்டு 5 நின்றுவிட்டது. கோப்புகள் எதுவும் திறக்கவில்லை.

வியாழன் மாலை அழைப்பு வந்தது. உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, ஒரே வாரத்தில் இரண்டு டிஸ்க் சாகுமா?" நிலையத்தில் இரண்டு கருத்துகள் நிலவின. புதிய பதிப்புதான் கெடுத்தது, பழையதற்கே திரும்பலாம் என்பது ஒன்று. அதே நான்கு வட்டுகளைக் கொண்டு வரிசையைப் புதிதாக உருவாக்கும் கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் திரும்பிவிடும் என்பது இன்னொன்று. எங்கோ படித்ததாம். இரண்டையும் செய்யவேண்டாம், மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் அப்படியே கேட்டார்கள். இந்த நிகழ்வு நல்லபடியாக முடிந்ததற்கு அந்தக் கீழ்ப்படிதல் முக்கியக் காரணம்.

பார்த்தவை

வெள்ளிக்கிழமை காலை ஒவ்வொரு வட்டிலும் எண் எழுதி ஒட்டினேன். கேபிள் எந்த வாயிலில் இருந்தது என்பதையும் குறித்தேன். தனி மென்பொருள் கொண்ட யூஎஸ்பி குச்சியிலிருந்து கணினியைத் தொடங்கினேன். ரெய்டு தானாக ஒன்றுசேர்ந்து இயங்காதபடி முன்பே தடுத்திருந்தேன்.

முதலில் ஸ்மார்ட் அறிக்கைகள், அதாவது வட்டு தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகள். இரண்டாம், நான்காம் வட்டுகளில் குறை ஏதுமில்லை. செக்டர் என்பது வட்டில் தரவு பதியும் மிகச் சிறிய பகுதி. முதல் வட்டில் 'நிலுவையிலுள்ள செக்டர்' (படிக்கமுடியாமல் நிற்பவை) என்ற 197ஆம் வரியில் 24 என்ற எண் இருந்தது. 512 பைட்டாகக் கணக்கிட்டால் 24. வட்டின் உள்ளே 4096 பைட் அலகுகளாகப் பார்த்தால் மூன்றே மூன்று. மாற்றப்பட்ட செக்டர்கள் சுழி. கேபிள் கோளாறைக் காட்டும் 199ஆம் வரியும் சுழி. மூன்றாம் வட்டிலோ இந்த வரிகள் எல்லாமே சுழி. ஞாயிறன்று 'செத்த' வட்டில் ஒரு குறைகூட இல்லை என்பது முதலில் எனக்கே புரியவில்லை.

விடை இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் பதிவுகளில் இருந்தது. ஞாயிறு அதிகாலைப் பதிவை வரிவரியாகப் படித்தேன். மூன்றாம் வட்டில் ஓர் இடத்தைப் படிக்கச் சொன்ன கட்டளைக்குப் பதில் வரவில்லை. இணைப்பை மீட்டமைக்கிறேன் என்கிறது கர்னல். வட்டு இன்னும் தயாராகவில்லை. மறுபடி மீட்டமைப்பு. அதற்கும் பதில் இல்லை. இறுதியில் வட்டைத் தொடர்பிலிருந்தே நீக்கிவிடுகிறது. அடுத்த வரியில் ரெய்டு அதை வெளியேற்றுகிறது. இதில் கவனிக்கவேண்டியது, 'படிக்க முடியவில்லை' என்று வட்டு ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. அது எதையுமே சொல்லவில்லை.

அந்த இடம் மறுகட்டமைப்பு கடந்துவிட்ட 61 சதவீதத்துக்குள் இருந்தது. மறுகட்டமைப்பின்போது அதன்மீது புதிதாக எழுதியதும் வட்டு அந்த நிலுவையைத் தீர்த்துக்கொண்டது. சுழிகளுக்குக் காரணம் அதுதான்.

காரணம்

இந்த நிகழ்வின் சாரம் இதுவே என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

ஒரு செக்டரைப் படிக்கமுடியாதபோது வட்டு உடனே கைவிடாது. தலையைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி நிறுத்தி, திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். மேசைக் கணினியில் அந்த வட்டு ஒன்றுதான் இருக்கும். அது தராவிட்டால் வேறு யாரும் தரப்போவதில்லை. ஆகவே அந்த வகை வட்டுகள் ஒன்றரை, இரண்டு நிமிடம்கூடப் போராடும்படி அமைக்கப்பட்டுள்ளன. அந்தப் பயன்பாட்டுக்கு அது சரியான முடிவு.

ரெய்டில் நிலைமை வேறு. அங்கே ஒரு வட்டு தராததை மற்றவை தரும். எனவே வட்டு சீக்கிரம் தோல்வியை ஒப்புக்கொள்வதே நல்லது. லினக்ஸின் ரெய்டு அந்த ஒப்புதலை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. 'படிக்கமுடியவில்லை' என்ற பதில் வந்தால், மற்ற வட்டுகளிலிருந்து அந்தப் பகுதியைக் கணக்கிட்டு, பிழை வந்த இடத்திலேயே எழுதும். எழுதியதும் வட்டு அந்தச் செக்டரைச் சரிசெய்துகொள்ளும், அல்லது வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளும். யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ரெய்டுக்கான வட்டுகளில் இந்தக் கெடு வழக்கமாக 7 விநாடி. எஸ்சிடி இஆர்சி என்ற அமைப்பின் மூலம் அதை மாற்றலாம்.

இரண்டுக்கும் நடுவில் கர்னல் நிற்கிறது. ஒரு கட்டளைக்கு அது காத்திருப்பது இயல்பாக 30 விநாடி. 7 விநாடியில் வட்டு தோல்வியைச் சொன்னால் சிக்கலில்லை. 100 விநாடி போராடும் வட்டாக இருந்தால், 30ஆவது விநாடியில் கர்னல் பொறுமையிழந்து இணைப்பை மீட்டமைக்கிறது. உள்ளே போராடிக்கொண்டிருக்கும் வட்டுக்கு அது காதில் விழுவதே இல்லை. ரெய்டு கணக்கிட்டு எழுதமுயலும் தரவையும் அதனால் வாங்கமுடிவதில்லை. எழுத முடியாத வட்டு செத்த வட்டு என்பது ரெய்டின் கணக்கு. ஒரு 4096 பைட்டுக்காக 4 டெராபைட் வெளியே போகிறது.

நான்கு வட்டுகளிடமும் இஆர்சி பற்றிக் கேட்டேன். இரண்டும் நான்கும் 'உண்டு, ஆனால் முடக்கப்பட்டுள்ளது' என்றன. ஒன்றும் மூன்றும் 'அப்படி ஒன்று என்னிடம் இல்லை' என்றன. நான்குக்கும் கர்னலின் கெடு 30 விநாடியாகவே இருந்தது. அதாவது நான்கு ஆண்டுகளாக நான்கில் எந்த வட்டு வேண்டுமானாலும் இப்படி வெளியேறியிருக்கலாம். மாதாந்திரச் சரிபார்ப்பு நின்றிருந்ததால் எவரும் தொடாத பழைய படங்களின் அடியில் பழுதுகள் சேர்ந்துகொண்டே இருந்தன. புதிய பதிப்பு செய்த ஒரே 'தவறு', நான்கு ஆண்டுகளாகப் பூட்டிக்கிடந்த அறைகளையெல்லாம் ஒரே இரவில் திறந்து பார்த்தது.

எடுத்த முடிவுகள்

'புதிதாக உருவாக்கு' கட்டளையை முற்றாக விலக்கினேன். வட்டுகளின் வரிசை, துண்டின் அளவு, தரவு தொடங்கும் இடம் ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் அது புதிய பாரிட்டியை (இழந்ததைக் கணக்கிட உதவும் கூடுதல் தரவை) எழுதி இருப்பதையும் அழிக்கும். தரவு தொடங்கும் இடத்தின் இயல்பு மதிப்பு எம்டிஆடத்தின் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்த பதிப்பும் இப்போது இருப்பதும் வேறு.

எந்த மூன்று வட்டுகளைக் கூட்டுவது என்பது அடுத்த கேள்வி. ரெய்டின் விவரங்களை ஒவ்வொரு வட்டிலும் வைத்திருக்கும் சூப்பர்பிளாக் என்ற பகுதியில், வரிசையில் மாற்றம் நேரும்போது ஏறும் நிகழ்வு எண்களைக் கண்டேன். இரண்டும் நான்கும் ஒரே எண். முதல் வட்டு அவற்றைவிட 18 மட்டுமே பின்தங்கியிருந்தது. அது வெளியேறியவுடன் வரிசை நின்றுவிட்டதால் அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் எழுதப்படவில்லை என்பதற்கு அது சான்று. மூன்றாம் வட்டு பாதி புதிது, பாதி ஞாயிற்றுக்கிழமைப் பழசு. ஆகவே ஒன்று, இரண்டு, நான்கு.

முதல் வட்டில் படிக்கமுடியாத இடங்கள் இருப்பதால் அதை நேரடியாகப் பயன்படுத்தாமல், புதிய வட்டு ஒன்றில் டிடிரெஸ்க்யூ என்ற, பழுதான வட்டுகளை நகலெடுக்கும் நிரலைக் கொண்டு நகலெடுத்தேன். தொடங்கும் முன் அந்த வட்டுக்கான கர்னல் கெடுவை 180 விநாடியாக உயர்த்தினேன். இதைச் செய்யாமல் நகலெடுத்திருந்தால் முதல் பழுதிலேயே வட்டு மீண்டும் காணாமல் போயிருக்கும். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துமுடிக்க ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆனது. பிறகு நிரல் அந்த மூன்று இடங்களுக்குத் திரும்பியது. பெட்டியின்மேல் கை வைத்திருந்தேன். சீரான அதிர்வுக்கு நடுவே, தலை பின்வாங்கித் திரும்பும் மெல்லிய தட்டல் விரலில் பட்டுக்கொண்டே இருந்தது. திரையில் எந்த எண்ணும் அசையவில்லை. 30 விநாடி கடந்தது, ஒரு நிமிடம் கடந்தது, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு வட்டே வாய் திறந்து 'முடியவில்லை' என்றது. இணைப்பு அறவில்லை. அடுத்த கட்டளையை வாங்கிக்கொண்டது. கர்னலின் கெடுதான் காரணம் என்ற என் ஊகம் அப்போதுதான் உறுதியானது.

மறுமுயற்சிகளில் மூன்றில் இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று, 4096 பைட், கிடைக்கவே இல்லை. நகலில் அந்த இடம் சுழிகளாக நின்றது.

நகலையும் இரண்டு, நான்காம் வட்டுகளையும் படிக்க மட்டும் திறந்து, ஒவ்வொன்றின்மீதும் ஒரு மேலடுக்குக் கோப்பை வைத்தேன். எழுதப்படுவது எதுவாக இருந்தாலும் அந்தக் கோப்பில் மட்டும் போகும். வட்டு அப்படியே இருக்கும். அதன்பிறகே வற்புறுத்திக் கூட்டும் கட்டளையைக் கொடுத்தேன். வரிசை எழுந்தது. கோப்பு முறைமைச் சரிபார்ப்பில் சில்லறைத் திருத்தங்கள் மட்டுமே. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு உரிமையாளர் அடைவுகளின் பெயர்களைத் திரையில் பார்த்தார். எதுவும் பேசாமல் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். இன்னும் ஆல்பம் கொடுக்காத திருமணங்கள் எவையென்று அவரைக் கேட்டு, அவற்றை முதலில் வெளிவட்டு ஒன்றுக்கு நகலெடுத்தோம், பிறகு மற்றவை.

அந்த 4096 பைட்

அந்தச் சுழிகள் எந்தக் கோப்பில் விழுந்திருக்கின்றன என்று கணக்கிட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு திருமணத்தின் நலங்குப் படம். ஒரு குறிப்பிட்ட வரிக்குக் கீழே வண்ணம் சிதைந்து சாம்பல் பட்டையாக இருந்தது. ஒரு படம்தானே என்று விடலாம். ஆனால் அது மற்றொருவர் வீட்டுப் படம். தவிர, மீட்கும் வழி ஒன்று மேசைமேலேயே இருந்தது.

மூன்றாம் வட்டில் மறுகட்டமைப்பு 61 சதவீதத்தோடு நின்றது. பழுதான இடம் அதைத் தாண்டியே இருந்தது. ஆகவே அங்கே மூன்றாம் வட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய தரவு. இரண்டு ஆண்டுகளாக யாரும் தொடாத படத்தின் பகுதியில் ஞாயிறும் வியாழனும் ஒன்றுதான். ரெய்டு 5இல் நான்கு வட்டுகளின் ஒரே இடத்துப் பைட்டுகளை எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிடும் ஒரு கணக்கு) செய்தால் சுழி வரவேண்டும். மூன்று தெரிந்தால் நான்காவது தெரியும்.

மூன்றாம் வட்டு மறுபடி சேர்க்கப்பட்டது என்பதால் தரவு தொடங்கும் இடம் நான்கிலும் ஒன்றேதானா என்று முதலில் பார்த்தேன். ஒன்றே. பிறகு பழுதான இடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மெகாபைட் எடுத்து நான்கையும் எக்ஸ்ஓஆர் செய்தேன். அந்த 4096 பைட்டைத் தவிர எல்லாமே சுழி. நம்பிக்கை வந்தது. இரண்டு, மூன்று, நான்காம் வட்டுகளின் 4096 பைட்டுகளைக் கணக்கிட்டு நகலின் மேலடுக்கில் எழுதினேன். படத்தைத் திறந்தபோது சந்தனக் கிண்ணமும் அதைப் பிடித்திருந்த கையும் முழுமையாக இருந்தன. பழுது பெருகி எண்ணிக்கை அதிகமாகியிருந்தால் கையால் செய்யக்கூடிய வேலை அல்ல இது. ஆனாலும் பாதி கட்டப்பட்ட வட்டு பயனற்றது என்று எவராவது அழிக்கச் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளவேண்டும்.

பின்னர் நடந்தது

செவ்வாயன்று நிலையம் வேலைக்குத் திரும்பியது. முதல் வட்டு ஓய்வுபெற்றது. மூன்றாம் வட்டில் முழுவதும் எழுதி, முழுவதும் படித்துப் பார்த்தோம். நிலுவை ஏதுமில்லை. வரிசைக்குள் திரும்ப வைக்காமல், நகல் வைக்கும் தனி வட்டாகப் பயன்படுத்துகிறார்கள். வரிசையில் இப்போது இருப்பவை இஆர்சி உள்ள வட்டுகள் மட்டுமே. பழைய இரண்டுக்கும் மின்சாரம் நின்று வந்தால் அந்த அமைப்பு மறந்துபோகிறது. எனவே ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் 7 விநாடிக் கெடுவை எழுதும் விதி ஒன்றை வைத்தோம். இஆர்சி இல்லாத வட்டு என்றாவது செருகப்பட்டால் அதே விதி கர்னலின் கெடுவை 180 ஆக்கும்.

மாதாந்திரச் சரிபார்ப்பை முகூர்த்தமில்லாத ஒரு நாளுக்கு மாற்றினோம். எச்சரிக்கை உரிமையாளரின் கைபேசிக்கு வருகிறது. பிட்மேப் சேர்த்தோம். வாரம் ஒருமுறை நகலெடுத்த வட்டு அவர் வீட்டுக்குப் போகிறது.

ஏறத்தாழ ஆறு மாதம் கழித்துச் சரிபார்ப்பின்போது இரண்டாம் வட்டில் ஒரு செக்டர் படிக்கவில்லை. பதிவை வாங்கிப் பார்த்தேன். வட்டு தன் கெடுவுக்குள் பிழையைச் சொல்லியிருந்தது. அடுத்த வரி: படிப்புப் பிழை திருத்தப்பட்டது, 8 செக்டர்கள். மீட்டமைப்பு இல்லை, வெளியேற்றம் இல்லை. தொகுப்பாளர்கள் அன்று எதையும் உணரவில்லை.

மாற்றிச் செய்யவேண்டியவை

என் பக்கத்தில் ஒரு பிழை உண்டு. இரண்டாம், நான்காம் வட்டுகளின் ஸ்மார்ட் அறிக்கை சுத்தமாக இருந்ததால் அவற்றை நகலெடுக்காமல் மேலடுக்கை மட்டும் நம்பினேன். புதிய வட்டுகளின் செலவைக் குறைக்க எடுத்த முடிவு அது. முதல் வட்டின் பழுதுகள்கூட யாரும் படிக்கும்வரை அறிக்கையில் வந்திருக்காது என்பதைத் தெரிந்தே அப்படிச் செய்தேன். நடுவில் அவற்றில் ஒன்று பழுதாகியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். இன்று அதே நிலை வந்தால் நான்கையும் நகலெடுத்த பிறகே கூட்டுவேன். வட்டுகளை வாடகைக்காவது வாங்கச் சொல்வேன்.

நிலையத்தின் பக்கத்தில், வெளியேறிய வட்டை உடனே திரும்பச் சேர்த்ததுதான் திருப்புமுனை. சேர்க்கும் முன் ஏன் வெளியேறியது என்று கர்னல் பதிவைப் பார்த்திருக்கவேண்டும். அதற்கும் முன் மீதமுள்ள மூன்றில் இருந்ததை வெளியே நகலெடுத்திருக்கவேண்டும். மறுகட்டமைப்பு என்பது மூன்று வட்டுகளையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கும் வேலை, ஏறத்தாழ 12 டெராபைட். இந்த வகை வட்டுகளின் விவரத்தாளிலேயே 10^14 பிட்டுக்கு ஒன்றுவரை படிக்கமுடியாத பிழை நேரலாம் என்று அச்சிட்டிருக்கும். அது சுமார் 12.5 டெராபைட். நடைமுறையில் வட்டுகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன என்றாலும், நகலின்றி அந்தப் பயணத்தைத் தொடங்கக்கூடாது.

கெடுவை மட்டும் திருத்தியிருந்தால் வியாழக்கிழமை வெளியேற்றமும் நடந்திருக்காது என்று சிலர் சொல்லக்கூடும். அது முழு உண்மை அல்ல. அந்த நேரத்தில் வரிசையில் மூன்று வட்டுகளே இருந்தன. முதல் வட்டின் பழுதைக் கணக்கிட்டுத் தர வேறு எதுவும் இல்லை. தடுத்திருக்கக்கூடியது ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அன்று மூன்றாம் வட்டு ஏழாவது விநாடியில் தோல்வியைச் சொல்லியிருந்தால் சரிபார்ப்பு தொடர்ந்து ஓடி, 61 சதவீதத்துக்கு அப்பால் இருந்த முதல் வட்டின் மூன்று இடங்களையும் அதே இரவில் திருத்திவிட்டுப் போயிருக்கும்.

இப்போது ஒரு ரெய்டு பெட்டியைப் பார்க்கப் போனால் நிலையைக் கேட்பதற்கு முன் இரண்டு எண்களை எடுத்துக்கொள்கிறேன்: ஒவ்வொரு வட்டின் இஆர்சி, ஒவ்வொரு வட்டுக்கும் கர்னல் வைத்திருக்கும் கெடு. முதலாவது இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். அந்த நிலையத்தில் இவ்விரண்டையும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார்கள், வட்டு வாங்கிய தேதிக்குப் பக்கத்தில்.